குடவோலையும் கணக்கும்



உத்திரமேரூரில் நின்றுகொண்டு உத்திரமேரூரின் பெருமையை எடுத்துச் சொல்வது தேவையற்ற வேலை. வைகுண்டப் பெருமாள் கோயிலின் கருங்கல் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு சாசனங்கள் இருப்பதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். குடவோலை என்றால் என்ன என்று கேட்டால், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆள் எடுக்கும் முறை என்று உடனே பதில் வரும். அதற்கு அடுத்த வாக்கியமாக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தேர்தல் நடந்தது, மக்களாட்சி பிறந்தது என்றும் வரும். 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் தங்குதூரி பிரகாசம் இந்தக் கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பேசினார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இவ்வூர்ப் பெயரைச் சொன்னார். இத்தனை பெருமைக்கும் உரிய ஊர்தான் இது. ஆனால் நாம் பெருமைப்படும் காரணம் சரிதானா என்பதே என் கேள்வி. கல்வெட்டை முழுமையாகப் படித்தால், குடத்தில் ஓலை போட்டதைக் காட்டிலும், பதவியில் இருந்தவனிடம் கணக்குக் கேட்டதே அதன் உயிர்நாடி என்று தெரிகிறது. குடத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நாம், கணக்கைக் கீழே போட்டுவிட்டோம். இதைத்தான் இன்று நிறுவ முயல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்பதைக் கல்வெட்டின் வழியே பார்ப்போம். அன்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட இவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டு, எந்தக் குடும்பு என்பதைக் காட்டும் வாயோலையோடு சேர்த்துக் கட்டப்பட்டு, ஒரு குடத்தில் இடப்பட்டன. சிறுவர் முதியவர் எல்லோரும் உட்பட மகாசபை கூடும். அன்று ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர்கூட வெளியே நிற்காமல் சபையின் உள்மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி மேலே நோக்கி எடுத்துக்கொண்டு நிற்பார். விவரம் ஏதும் அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை வாங்கும் விதத்தையும் கல்வெட்டு சொல்கிறது. ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருந்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. அவன் வாசித்தபின் உள்ளே இருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதன் பிறகே அந்தப் பெயர் ஏறும். இப்படிக் குடும்புக்கு ஒருவராக 30 பேர்.

இதில் வாக்களிப்பு எங்கே இருக்கிறது? யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. தகுதியுள்ள எல்லோருடைய பெயரும் குடத்துக்குள் போகிறது, சீட்டு விழுகிறது. விருப்பம் தெரிவிக்கும் இடமே இந்த முறையில் கிடையாது. எவருடைய விருப்பமும் நுழைந்துவிடாமல் தடுப்பதற்கென்றே சிறுவனும், இரண்டு குடங்களும், விரித்த கையும் ஏற்படுத்தப்பட்டன. ஆகவே இதைத் தேர்தல் என்று சொல்வது கல்வெட்டுக்கு நாம் போட்ட புதுச் சட்டை. சட்டை அழகாக இருக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் ஆளை மறைக்கிறது.

இப்படிச் சொன்னதும், பழைமையைக் குறைத்துப் பேசுகிறான் என்று சிலருக்குத் தோன்றலாம். சீட்டு முறை குறைவானது என்று நான் கருதவில்லை. கிரேக்க நாட்டு ஏதென்சில் 500 பேர் கொண்ட ஆலோசனை மன்றத்தைச் சீட்டுப் போட்டே எடுத்தார்கள். சீட்டு மக்களாட்சிக்கு உரியது, தேர்வு செய்வது சிலராட்சிக்கு உரியது என்ற கருத்தை அரிஸ்டாட்டிலே பதிவு செய்திருக்கிறார். செல்வமும் செல்வாக்கும் உள்ளவன் தேர்வில் எளிதாக வெல்வான், சீட்டு மட்டும் அவனுக்குப் பணியாது என்பது அன்றைய நியாயம். இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268-இல் வகுத்த முறை இன்னும் வியப்பானது. சீட்டும் தேர்வும் மாறி மாறிப் பல சுற்றுகள் வரும் அந்த முறையில், பந்துகளை எடுத்துக் கொடுக்க ஒரு சிறுவனைப் பிடித்து வருவார்கள். உத்திரமேரூரில் ஓலை எடுத்த சிறுவனுக்கு ஏறத்தாழ 350 ஆண்டுகள் பிந்திய தம்பி அவன். ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பதவியைச் சிலர் கைப்பற்றிக்கொள்வார்கள் என்ற அச்சம் இரண்டு ஊர்களிலும் ஒன்றாக இருந்ததால், இரண்டு ஊர்களும் ஒரே வழியைக் கண்டன. குடத்தில் ஓலை இட்டு எடுப்பதும் சோழர் காலத்தில் புதிதாக முளைத்ததன்று. கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்திலிருந்து ஓலைகளை எடுக்கும் ஆவணமாக்கள் அகநானூற்றின் 77-ஆம் பாட்டிலேயே உவமையாக வருகிறார்கள். வாரியங்கள் என்ற நிர்வாகக் குழுக்களும் 919-க்கு முந்தியவை. ஏரி வாரியப் பெருமக்களை இவ்வூர்ப் பல்லவர் காலக் கல்வெட்டுகளிலேயே பார்க்கிறோம். அப்படியானால் பராந்தகன் காலத்தில் புதிதாக வந்தது என்ன?

விதிகள் வந்தன. அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவன் பெயர் மட்டுமா? சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தந்தையோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியோடு பிறந்தவன், சகோதரியை மணந்தவன், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் என்று கல்வெட்டு ஒரு குடும்பத்தையே வரிசையாக நிறுத்தி வெளியே அனுப்புகிறது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் பார்த்தவனுக்கும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாள், நாள் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். கள்ள ஓலை எழுதியவனும், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவனும் வரக் கூடாது. பாவம் செய்து பிராயச்சித்தத்தால் சுத்தமானவர்களுக்கும் உயிருள்ளவரை வாரியம் இல்லை என்கிறது. இந்த இடம் என்னை மிகவும் கவர்கிறது. பிராயச்சித்தத்தை முழுமையாக நம்பிய சமூகம் அது. பாவம் கழிந்துவிட்டது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனாலும் ஊர்ப்பொறுப்பு திரும்பக் கிடைக்காது என்றார்கள். தெய்வத்தின் முன் ஒருவன் நிற்கும் நிலையையும், ஊரின் முன் அவன் நிற்கும் நிலையையும் வைதிகச் சபை ஒன்றே இத்தனை தெளிவாகப் பிரித்தது சாதாரணமன்று.

கணக்கனைப் பற்றிய விதி இன்னும் கூர்மையானது. கணக்கு எழுதியவன் அதை வாரியப் பெருமக்கள் முன் காட்டி, சுத்தன் என்று ஆன பிறகே மறுபடி கணக்கு எழுதப் புகலாம். அவன் எழுதிய கணக்கை அவனே காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் உள்ளே புகுந்து அதை முடித்து வைக்கக் கூடாது. அலுவலகப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். முந்தைய எழுத்தர் மாறுதலாகிப் போய்விட்டார், பதிவேடு அவர் காலத்தது, எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கை கழுவும் வழியை அன்றே அடைத்துவிட்டார்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? இதற்கான விடை இவ்வூரின் மற்ற கல்வெட்டுகளில் இருக்கிறது. விளக்கெரிக்கவும், திருவமுதுக்கும், ஊர் ஏரியான வயிரமேக தடாகத்தைத் தூர்வாரவும் சபையிடம் வைப்பு முதல் ஒப்படைக்கப்பட்டது. அந்த முதலைக் கொண்டு, சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடத்துவோம் என்று சபை ஒப்புக்கொண்டது. கடமைக்கு முடிவே இல்லை, ஆனால் அதை நிறைவேற்றும் ஆட்களோ 360 நாளுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். போன ஆண்டின் வாரியம் வாங்கிய பொன்னுக்கு இந்த ஆண்டின் வாரியம் பதில் சொல்ல வேண்டும். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் அமைப்பில் தொடர்ச்சியாக நிற்கக்கூடியது கணக்கு ஒன்றுதான். கணக்கு அறுந்தால் ஏரி தூர்ந்துபோகும், விளக்கு அணைந்துபோகும். ஆண்டுதோறும் ஆளை மாற்றத் துணிந்தவர்கள் கணக்கில் இத்தனை கெடுபிடியாக இருந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வாரியத்தார் மட்டுமல்ல, அரசர்களும் மாறினார்கள். சோழர் தோற்ற தக்கோலப் போருக்குப் பின் இந்தப் பகுதி இராட்டிரகூடர் கைக்குப் போனது. இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் பெயரால் ஆட்சியாண்டு குறிக்கும் கல்வெட்டுகள் இவ்வூரில் இருக்கின்றன. பல்லவர் போனார்கள், சோழர் வந்தார்கள், சோழர் தோற்றார்கள், மீண்டும் வந்தார்கள். சபை மட்டும் அத்தனை மாற்றங்களையும் தாண்டித் தன் ஒப்பந்தங்களைச் சுமந்து நின்றது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவதும் மிக வலுவானதுமான மறுப்பு, இந்தச் சபை யாருடையது என்பது. இது பிரமதேய ஊர், அதாவது பிராமணருக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊர். குடத்தில் பெயர் ஏறத் தகுதிகள் இருந்தன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கு மேல், சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். மந்திரப் பிராமணம் கற்று, பிறருக்குக் கற்பிக்கும் அறிவு வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவருக்கு மட்டும் அரைக்கால் வேலி போதும் என்று சலுகை. ஏரியில் மண் அள்ளியவருக்கும், வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும், நிலமில்லாத எவருக்கும் குடத்தில் ஓலை இல்லை. பொன்னின் மாற்றுப் பார்க்கும் வேலைக்குப் படையிலிருந்தும் எண்ணெய் வணிகரான சங்கரப்பாடியாரிடமிருந்தும் ஆள் எடுத்ததைக் காட்டும் கல்வெட்டும் இவ்வூரில் உண்டு. ஆனால் அது வேலைக்கு எடுத்தது, ஆளும் சபையில் இடம் கொடுத்ததாகாது. இந்த மறுப்பை நான் மறுக்கவில்லை, முழுமையாக ஏற்கிறேன். இதை மறைத்துவிட்டு மக்களாட்சி என்று கூவுவது வரலாற்றுக்கும் அநீதி, அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கும் அநீதி.

ஆனால் இதிலிருந்து சிலர் எடுக்கும் அடுத்த முடிவை, அதாவது கல்வெட்டு முழுவதையும் ஒதுக்கிவிடலாம் என்பதை, என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே அண்ணல் அம்பேத்கரையே துணைக்கு அழைக்கிறேன். 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று பொருள்படப் பேசினார். அந்தச் சாடலுக்கு ஒடுக்கப்பட்டவர்களின் பல நூற்றாண்டு அனுபவம் பின்னால் இருந்தது. அதே அம்பேத்கர் அந்த மாதம் 22-ஆம் நாள், கிராம ஊராட்சிகளை அமைக்க வேண்டும் என்று கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்று அரசமைப்பின் 40-ஆவது பிரிவு. மறு ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் ஆற்றிய நிறைவுரையில், பௌத்த பிக்கு சங்கங்கள் கூட்டம் நடத்தும் விதிகளையும் தீர்மானங்களையும் இரகசிய வாக்கெடுப்பையும் அறிந்திருந்தன என்று நினைவூட்டினார். பழைய நடைமுறை ஒன்று நல்லதாக இருந்தால் அதைப் போற்ற அவர் தயங்கவில்லை. பழைய சமூக ஏற்பாடு கொடியதாக இருந்தால் அதைச் சாடவும் தயங்கவில்லை. யார் உட்காரலாம் என்பது ஒன்று, உட்கார்ந்தவனை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பது வேறொன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டில் இவ்விரண்டும் ஒரே சுவரில் அடுத்தடுத்து வெட்டப்பட்டிருக்கின்றன. முதலாவதைத் தள்ளி இரண்டாவதைக் கொள்ள நமக்கு முழு உரிமை உண்டு. ஏதென்சில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை என்பதற்காக, பதவி விட்டிறங்கும் ஒவ்வொருவரும் கணக்குச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற அவர்களுடைய விதியை உலகம் மறந்துவிடவில்லை.

இரண்டாவது மறுப்பு, இது ஊராருடைய ஏற்பாடா, அரசனின் கட்டளையா என்பது. 919-இல் தத்தனூர் மூவேந்தவேளான் அரசாணையோடு வந்து சபையில் உடனிருந்தான். 921-இல் சோழநாட்டிலிருந்து சோமாசிபெருமான் வந்து உடனிருந்தான். மேலிருந்து வந்த உத்தரவை ஊர்ச் சபை தலையாட்டி எழுதிக்கொண்டது என்று சொல்லலாம்தான். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் ஏன் இரண்டாவது சாசனம்? முதல் ஏற்பாட்டில் 30-க்கு மேல் 60-க்குள் என்றிருந்த வயது, இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறுகிறது. விதிகள் விரிகின்றன. நடைமுறையில் எங்கோ இடித்திருக்கிறது, அது மேலே எட்டியிருக்கிறது, திருத்தப்பட்டிருக்கிறது. ஏற்பாட்டைச் செய்ததாகக் கல்வெட்டில் பேசுவது சபைதான். அரசனின் ஆள் அருகில் அமர்ந்திருந்தான். இன்றும் மாநிலச் சட்டத்தின் கீழ்தான் ஊராட்சி இயங்குகிறது, அதற்காக அதை ஊராருடையதல்ல என்று யாரும் சொல்வதில்லை.

சீட்டில் மூடனும் வந்துவிடுவானே என்பது மூன்றாவது. வரலாம். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 30 பேர் வந்ததும், அவர்களில் முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்து அனுபவப்பட்டவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகிய 12 பேரைச் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்கு வைத்தார்கள். மீதியில் 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. உள்ளே வருவதற்குச் சீட்டு, மேலே ஏறுவதற்கு அனுபவம்.

எழுதியபடி நடந்ததா என்பது கடைசி மறுப்பு. கல்லில் வெட்டியதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது, உண்மை. ஆனால் கணக்குக் காட்டாதவனின் மைத்துனன்வரை விலக்கி வைக்க ஒரு சபை உட்கார்ந்து யோசித்தது என்றால், கணக்குக் காட்டாதவனை அது நேரில் பார்த்திருக்க வேண்டும். தான் விலகி மைத்துனனை உட்கார வைத்து ஆண்டவனையும் பார்த்திருக்க வேண்டும். இந்த விதிகளைப் பொற்காலத்தின் சான்றாக நான் படிக்கவில்லை. ஊழலைக் கண்டு சினந்தவர்களின் எழுத்தாகவே படிக்கிறேன். அதனால்தான் அவை இன்றும் நமக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

நம் காலத்தைப் பார்ப்போம். 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு கிடைத்தது, பெண்களின் பங்கு 2016-இல் சரிபாதியாக உயர்ந்தது. யார் உட்காரலாம் என்ற கேள்விக்கு 919-இன் கல்வெட்டு தந்த விடையை இந்தச் சட்டங்கள் கிழித்து எறிந்துவிட்டன. ஆனால் அந்தப் பழைய விடையை மனத்திலிருந்து கிழிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-ஆம் நாள் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தனித்தொகுதி ஊராட்சிகளுக்குத் தேர்தலை நிலைக்க விடாமல் பத்தாண்டு இழுத்தடித்தார்கள், 2006-இல்தான் முடிவு பிறந்தது. தமிழ் மண்ணில் மக்களாட்சி ஆயிரம் ஆண்டாக ஊறியிருக்கிறது என்று பேசும் ஒவ்வொருவரும் இந்த ஊர்ப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அதே வேளையில், நாம் கொள்ள வேண்டிய பாதி எந்த நிலையில் இருக்கிறது? பெண் தலைவரின் நாற்காலியில் கணவர் அமர்ந்து ஊராட்சி நடத்துவதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் காண்கிறோம். உறவினரைப் பற்றிய அந்த நீண்ட பட்டியலை எழுதியவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. அவர்கள் பெண்ணுக்கு இடமே தரவில்லை என்பதையும் மறவாமல் சொல்கிறேன். ஆனால் பதவி ஒருவர் பெயரிலும் அதிகாரம் அவர் வீட்டார் கையிலும் இருப்பது ஆபத்து என்பதைச் சரியாகவே கண்டிருந்தார்கள். இன்று கணக்குக் கேட்கும் இடமாக நமக்குக் கிராம சபை இருக்கிறது. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சிகள் நாள் என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், 35 வயதும் வேண்டாம். வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடமே கொடுத்தது. பராந்தகன் காலத்து மகாசபையில் நுழைய முடியாத நாற்று நடும் பெண், இன்று கிராம சபையில் எழுந்து நின்று ஏரி வேலைக்கு எவ்வளவு செலவானது என்று கேட்கலாம். அவளுக்குப் பதில் சொல்லத் தலைவரும் செயலரும் கடமைப்பட்டவர்கள்.

உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. கிராம சபை கூடுவது சுற்றியுள்ள ஊராட்சிகளில்தான். அந்த ஊர்களின் பள்ளிகளில் குடவோலைப் பாடம் நடக்கிறது. பானையில் சீட்டுப் போட்டு விளையாட்டாகச் செய்து காட்டவும் அது எளிது. ஆசிரியர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. குடவோலையைச் சொல்லும் அதே வகுப்பில் கணக்கனின் விதியையும் சொல்லுங்கள். யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறகு, மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கிராம சபை கூடும் நாளில் அழைத்துப் போய் ஓர் ஓரமாக உட்கார வையுங்கள். மகாசபையில் சிறுவர்களும் இருந்தார்கள் என்று கல்வெட்டே சொல்கிறது. வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்போது அந்தப் பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.